ஐந்து மில்லி

ஆலையில் எனக்குக் குலை வேகவைக்கும் உருளையடியில் வேலை.
வீடு வந்ததும் இரண்டு முறை குளிக்கிறேன்,
வாசமே இல்லாத சோப்பு தேடி வாங்கி.
அப்படியும் சர்வின் என் முழங்கையை முகர்ந்துவிட்டு
எட்டிப் போகிறான்.
எனக்குத் தெரியாமல் கொஞ்சம் செம்பனை ஆவி
மயிர்க்காலில் தங்கிவிடுகிறது போல.
அந்த மூக்கிடம் பொய் சொல்ல முடியாது.

தொண்டையில் சீழ். ஏழு நாள் மருந்து.
வேளைக்கு ஐந்து மில்லி, நாளைக்கு மூன்று வேளை.
ஹுத்தான் மெலிந்தாங் கிளினிக்கில்
இளஞ்சிவப்புப் புட்டியைக் குலுக்கிக் கொடுத்தார்கள்.
"ஸ்ட்ராபெரி வாசம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்."
பிள்ளைகளுக்கு.

திங்கள் இரவு
புவனேஸ் காலைப் பிடித்தாள், நான் கையை.
கைலியில் சுற்றினால் சுலபம் என்றார்கள் பக்கத்து வீட்டில்.
சுற்றினோம்.
மருந்து சுவரில் இருந்தது, என் இமையில் இருந்தது,
அவனுக்குள் மட்டும் இல்லை.
அழுகை ஓய்ந்தபின் அவன் அந்தக் கைலியை
மூலைக்கு மூலை சேர்த்து மடித்து
குப்பைத்தொட்டியில் போட்டான்.

செவ்வாய் நான் புத்திசாலி ஆனேன்.
மைலோவில் கலந்தேன்.
அவன் தண்ணீர் தவிரக் குடிக்கும் ஒரே பொருள்:
பச்சைக் குவளை, மூன்று கரண்டி, பாதி ஆறியது, நுரை கூடாது.
ஒரு வாய்.
குவளையை மேசையில் வைத்தான்.
என்னைப் பார்த்தான்.
அவன் ஆள் முகம் பார்ப்பதே அபூர்வம்.
திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன்.

அதற்குப்பின் மைலோ இல்லை.

புதன் காலை மருந்து ஜன்னலுக்குள்ளிருந்து
காக் ரொஹானா கேட்டார்:
எது பிடிக்கவில்லை அவனுக்கு?
வாசமா? பிசுபிசுப்பா? கரண்டியா?
ஆறு வருடத் தகப்பன்.
விடை தெரியாத பையன்போல் கவுண்டரைத் தடவினேன்.
ஊசியில்லாத பீச்சுகுழல் இரண்டு தந்தார்.
"ஒன்று மருந்துக்கு. ஒன்று சும்மா.
முதலில் ஐஸ் சப்பட்டும், நாக்கு மரத்துப் போகும்.
அவசரப்படாதீங்க."

அன்று டியூப் லைட்டை அணைத்தேன்.
அது முனகும் என்பதே
அணைத்தபின்தான் எனக்குக் கேட்டது.
கரண்டி, மூடி, பீச்சுகுழல்
மூன்றையும் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.
கரண்டி அலமாரிக்கு அடியில் போனது.
மூடி என் பக்கம் உருண்டது.
பீச்சுகுழலில் தண்ணீர் இழுத்து
என் மூக்கில் அடித்தான்.
ஒரு மணி நேரம் தண்ணீர். சட்டையெல்லாம் தண்ணீர்.
இடையில் ஒரு சொட்டு மருந்தை நானே நக்கினேன்:
இனிப்பு, அதற்குமேல் இனிப்பு,
பிறகு சுண்ணாம்பு, பிறகு
நாக்கடியில் போகாமல் ஒட்டிக்கொண்ட துரு.
இதையா.

வழி கண்டுபிடித்தவன் அவன்தான்.
ஜன்னலோரம், கன்னத்தில் ஐஸ் கட்டி,
வாயோரத்தில் பீச்சுகுழல், தன் கையிலேயே.
ஆலைக்கு ஒரு பழ லோரி போனால் ஒரு கோடு அழுத்துவான்.
ஐந்து லோரி, ஐந்து மில்லி.
சில வேளை நாற்பது நிமிடம் ஆகும்.
நான் வேலைக்குப் பிந்தினேன், மண்டோர் ஏசினார்.
ஏசட்டும்.

ஞாயிறு, கடைசி நாள்.
ஆலை மூடியிருக்கிறது என்று
யார் சொல்வது அவனிடம்?
வாயில் பீச்சுகுழலோடு சாலையைப் பார்த்தபடி இருந்தான்.
ஐஸ் கரைந்து கழுத்தில் ஓடியது.

வெளியே போய்
ஜன்னலைத் தாண்டி நடந்தேன்.
ஹாரன் இல்லாமல், செருப்புச் சத்தம்கூட இல்லாமல்.
யோசித்தான். தலையசைத்து மறுத்தான்.
தோள்மேல் ஒரு பழக்குலையை ஏற்றிக்கொண்டு திரும்பவும் நடந்தேன்.
ஒரு கோடு இறங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.
இரண்டு. மூன்று. முள் தோளில் ஏறியது. நான்கு.
ஐந்தாவது நடையில் உள்ளிருந்து ஒரு குரல்:
"நில்லு."
எடைமேடையில் லோரி நிற்க வேண்டுமாம்.
நின்றேன்.
"பன்னிரண்டு டன்" என்றான்.
போகச் சொல்லும்வரை நின்றேன்.

காய்ச்சல் இறங்கிப் பத்து நாளாகிறது.
பச்சைக் குவளை இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது.
நான் எடுத்து வைக்கவில்லை.